நிறமில்லாத பச்சைப்பாசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குட்டை நீரில் நீந்தும் ஒருசெல் உயிரியான பாலிடோமாவில் பச்சையமே இல்லையே, அதை எப்படிப் பச்சைப்பாசி என்கிறார்கள்? (ஆசிரியை, பெரம்பூர்)

பச்சையம்தான் போயிற்று, அது இருந்த கணிகம் (செல்லுக்குள் இருக்கும் சிறு பை போன்ற உறுப்பு) போகவில்லை. பாலிடோமா அதில் இன்றும் மாவுச்சத்து சேர்க்கிறது. முன்முனையில் சம நீளமுள்ள இரண்டு கசையிழைகள் (நீந்த உதவும் இழைகள்), உறுதியான செல்சுவர், சில இனங்களில் சிவப்புக் கண்புள்ளி என உடலமைப்பு முழுக்கக் கிளாமிடோமோனஸ் என்ற ஒருசெல் பச்சைப்பாசிதான். பாலிடோமா யுவெல்லா என்ற இனத்தின் கணிக டிஎன்ஏ 2 லட்சம் கார இணைகளைத் தாண்டும். ஒளிச்சேர்க்கைக்கான மரபணு அதில் ஒன்றுகூட இல்லை. நான்கு கசையிழையுள்ள பாலிடோமெல்லா என்ற இன்னொரு நிறமற்ற பாசியில் கணிகம் உண்டு, கணிக டிஎன்ஏ அடியோடு இல்லை. இந்த இரண்டையும் வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

அப்படியானால் பாலிடோமா இனங்கள் எல்லாம் ஒரே குடும்பமா? (மாணவர், தண்டையார்பேட்டை)

இல்லை. பாலிடோமா ஓவிஃபார்மி தனிக் கிளையில் நிற்கிறது. கிளாமிடோமோனஸ் கூட்டத்துக்குள் பச்சையம் ஒரு முறைக்கு மேல் தனித்தனியாகத் தொலைந்திருக்கிறது. நிறமின்மையை வைத்து உறவு சொல்லக் கூடாது.

பாலிடோமாவைச் சர்க்கரை கலந்த தண்ணீரில் விட்டேன், வளரவில்லை. ஏன்? (மாணவி, வியாசர்பாடி)

பாலிடோமா யுவெல்லாவுக்குக் குளுக்கோஸ் உணவாகாது. அழுகலில் பாக்டீரியா உண்டாக்கும் அசிடேட்டைத்தான் (வினிகரில் உள்ள அமிலத்தின் உப்பு) அது உண்ணும். அதற்காக வினிகரை ஊற்றிவிடாதீர்கள், அமிலம் கூடினால் செல் இறந்துவிடும்.

வளர்க்க வேண்டுமானால், சோதனைக்குழாயின் அடியில் ஒரே ஒரு கோதுமை மணி போட்டு, மேலே 1 செ.மீ. தோட்டமண் இட்டு, முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புங்கள். கடலோர போர் தண்ணீரில் உப்பு அதிகம். கேன் தண்ணீர் நல்லது. இட்லிப் பானையில் ஆவியில் 1 மணி நேரம், மறுநாள் மீண்டும் 1 மணி நேரம். நன்றாக ஆறியபின், இலை அழுகிய குட்டை நீரைச் சில துளி அதில் விட்டு நிழலில் வையுங்கள். கையுறை அவசியம். மூன்றாம் நாளிலிருந்து நுண்ணோக்கியில் பாருங்கள். கோதுமை மணி மண்ணுக்கு வெளியே வந்தாலோ, இரண்டு மூன்று மணி போட்டாலோ பாக்டீரியா பெருகி எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

தூய வளர்ப்பு (வேறு உயிர் கலக்காத பாலிடோமா) கையில் இருந்தால் மட்டும் ஒரு லிட்டருக்கு சோடியம் அசிடேட் 2 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம், டிரிப்டோன் 1 கிராம் கலந்த ஊடகம் செய்யலாம்.

கண்ணில் பட்டது பாலிடோமாதானா என்று எப்படி உறுதி செய்வது? (ஆய்வக உதவியாளர், இராயபுரம்)

மாவுச்சத்தைக் கருநீலமாக்கும் லுகால் அயோடின் கரைசல் போதும். பொட்டாசியம் அயோடைடு 2 கிராமைச் சிறிது தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு அயோடின் 1 கிராம் சேர்த்து, 100 மி.லி. ஆக்குங்கள். வரிசை மாறினால் அயோடின் கரையாமல் அடியில் தங்கும். கவர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர்ப்புறம் டிஷ்யூ வைத்து இழுங்கள். 400 மடங்கில், ஓட்டம் நின்ற செல்லின் பின்பாதியில் கருநீல மணிகள் அடைந்திருக்கும், கசையிழைகளும் தெளிவாகும். கைலோமோனஸ் என்ற வேறொரு நிறமற்ற ஒருசெல் உயிரியும் கருநீலமாகும், ஆனால் அதன் முன்முனை சரிந்து, உள்ளே பள்ளம் இருக்கும். யூக்ளினா என்ற ஒருசெல் உயிரியின் நிறமற்ற வகைகள் நீலமாகாது.

கொளத்தூரில் வாங்கிய மீன்தொட்டித் தண்ணீர் வெளுத்துவிட்டது. காரணம் பாலிடோமாதானா?

பெரும்பாலும் பாக்டீரியா. தீனியைக் குறையுங்கள்.

மாட்டு மடிநோய்க்குப் பாசி காரணம் என்கிறார்களே? (பால் பண்ணையாளர், மாதவரம்)

அது புரோட்டோதீகா என்ற நிறமற்ற பாசி, குளோரெல்லா என்ற பச்சைப்பாசியின் உறவு, கசையிழை கிடையாது. வளர்ப்புத் தட்டில் ஈஸ்ட் போலவே வெள்ளையாகத் தெரியும். ஈஸ்ட் மொட்டுவிடும், இதுவோ சுவருக்குள்ளேயே பலவாகப் பிரிந்து வெடிக்கும். ஆன்டிபயாட்டிக் பலிக்காத மாட்டின் பாலைத் தனியாகக் கறந்து, கால்நடை ஆய்வகத்தில் புரோட்டோதீகா என்று பெயர் சொல்லியே பரிசோதிக்கக் கேளுங்கள். உறுதியானால் அந்த மாட்டை மந்தையிலிருந்து பிரித்துவிடுங்கள்.