கர்ப்பப்பை வாயில் பாலிப்: கேள்விகளும் பதில்களும்

மகளிர் மருத்துவப் பிரிவில் 22 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பப்பை வாய் பாலிப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், எனக்கு 42 வயது. பாலிப் என்றதும் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்கிறார் நாத்தனார். எடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம்மா. பாலிப் மட்டும்தான் பிரச்சினை என்றால் கர்ப்பப்பையில் கை வைக்கத் தேவையே இல்லை. கர்ப்பப்பை வாயின் உள்பாதையிலிருந்து காம்போடு தொங்கும் சின்னச் சதை அது. பெரும்பாலும் கோவைப்பழச் சிவப்பில் இருக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் வரை வளரும். டாக்டர் ஸ்பெகுலம் என்ற விரித்துப் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்து, ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடித்து மெதுவாகத் திருகுவார். செடியிலிருந்து மிளகாயைக் காம்போடு கிள்ளுகிற மாதிரி வந்துவிடும். ரத்தம் கசிந்தால் அந்த இடத்தில் மருந்து தொட்டு வைப்பார், அல்லது கரண்ட் வைத்து நிறுத்துவார். அடிவயிறு சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகிறார்கள். அடி அகலமாக இருந்தாலோ, காம்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியாவிட்டாலோ மயக்க மருந்து கொடுத்து, ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து, அதாவது கேமரா உள்ள மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்த்து எடுப்பார்கள்.

எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோயா சிஸ்டர்? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பயாப்ஸி என்பது எடுத்த சதையை லேபில் பார்ப்பதுதான், புற்றுநோய் என்று அர்த்தமில்லை தங்கச்சி. இந்தப் பாலிப்களில் புற்றுநோயாக இருப்பது நூற்றில் ஒன்று என்கிற அளவுக்குத்தான். அந்த ஒன்றைத் தவறவிடக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் அனுப்புகிறோம். "பார்த்தாலே தெரிகிறது, சாதாரணம்தான்" என்று ஒருவர் குப்பையில் போட்டதை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை. சதை கெடாமல் போட்டு வைக்கும் ஃபார்மலின் மருந்து பாட்டிலில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ரிசல்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சுத்தமாக இல்லாததால்தான் வந்தது என்கிறார் மாமியார். நிஜமா?

இல்லவே இல்லை. இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும், கர்ப்பப்பை வாயில் நாள்பட்டு இருக்கும் அழற்சிக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். குழந்தை பெற்றவர்களுக்கு, அதிலும் நாற்பது, ஐம்பது வயதில் அதிகம் வருகிறது. கணவரிடமிருந்து ஒட்டுவதும் இல்லை. எச்பிவி கிருமியால் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு விஷயம். அதனால் 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

நாலு மாதக் கர்ப்பம். பாலிப் இருக்கிறது, இப்போது எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். சரியா?

சரிதான். தொந்தரவு இல்லாவிட்டால் பெரும்பாலும் பிரசவம் முடியட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ரத்தம் பட்டால் "பாலிப்தானே" என்று இருந்துவிடாமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

எடுத்த பிறகு எப்படி இருக்க வேண்டும்? திரும்ப வருமா?

சில நாள் லேசாகக் கறை படும், பேட் போதும். தாம்பத்தியம் எப்போது என்பதை டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். காய்ச்சல், துர்நாற்றம், அதிக ரத்தப்போக்கு இருந்தால் உடனே போங்கள். சிலருக்குத் திரும்ப வரும், வந்தால் திரும்ப எடுக்கலாம்.

அம்மாவுக்கு 61 வயது. மாதவிலக்கு நின்று பத்து வருடமாகிறது. பாவாடையில் இரண்டு சொட்டு ரத்தம் பார்த்தேன். "சூடுதான்டா" என்கிறார்.

தம்பி, அதைச் சூடு என்று விடாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் இந்த வாரமே காட்ட வேண்டும். பாலிப்பாக இருக்கலாம். ஆனால் கர்ப்பப்பை வாயில் பாலிப் கிடைத்துவிட்டது என்று அத்தோடு நிறுத்தக் கூடாது. இந்த வயதில் கர்ப்பப்பைக்கு உள்ளேயும் ஒன்று இருக்கக்கூடும். கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் தொடங்கும்போதும் இதே மாதிரிதான் இரண்டு சொட்டு படும். அதனால் உள்சவ்வின் தடிமனை ஸ்கேனில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். எத்தனை நாளாகப் படுகிறது என்று உங்களிடம் சொல்ல அம்மா கூச்சப்படுவார். அக்காவையோ சித்தியையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். உள்ளே போகும்போதும் அவர்களே கூட இருக்கட்டும்.