ஹூஸ்டன் வெள்ளச் சமவெளியில் வீடு கட்டும் விதிகள்

வணக்கம். ஹூஸ்டனில் எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே இல்லாதபோது, 100 ஆண்டு வெள்ளப் பகுதியிலுள்ள (எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர 1% வாய்ப்புள்ள பகுதி) தங்கள் வீட்டை இடித்துவிட்டு 2016ஆம் ஆண்டு வீட்டு வரைபடத்தின்படியே கட்ட முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். மண்டலச் சட்டம் இல்லை என்பது உண்மைதான். வெள்ளச் சமவெளி விதிகளோ தனியானவை, கண்டிப்பானவையும்கூட. முன்பு 100 ஆண்டு வெள்ள மட்டத்திற்கு 1 அடி மேலே தளம் அமைந்தால் போதும். 2017இல் ஹார்வி புயல் நகரை மூழ்கடித்த பின், மாநகர மன்றம் 2018 ஏப்ரலில் நிறைவேற்றிச் செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய திருத்தம், 500 ஆண்டு வெள்ள (ஆண்டுக்கு 0.2% வாய்ப்புள்ள வெள்ளம்) மட்டத்திற்கு 2 அடி மேலே தளம் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே பழைய வரைபடம் உதவாது. இடிக்காமல் புதுப்பித்தாலும், செலவு நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், முழு வீடும் நடப்பு விதிக்கு உட்பட வேண்டியிருக்கும். எனவே கட்டட வடிவமைப்பாளருக்கு முன்பணம் தருவதற்கு முன், உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் தள உயரச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள்.