பிரிவு உபசார விழாவில் பள்ளியைக் கிண்டல் செய்யலாமா? எங்கள் மன்றாட்டு மாலை பாதியில் நின்ற கதை

கேள்வி: "கத்தோலிக்கப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். பிரிவு உபசார விழாவில் பள்ளி வாழ்க்கையைக் கிண்டல் செய்து ஒரு நிகழ்ச்சி நடத்த வகுப்பே ஆசைப்படுகிறது. ஜெபம் மாதிரி எழுதினால் பாவமா? ஃபாதர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களா?"

தாராளமாக நடத்துங்கள். ஜெபத்தின் நடையில் எழுதுவது பாவம் இல்லை. ஃபாதர்களைவிட வேறு சிலர்தான் தவறாக எடுத்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

நீங்கள் போர்டிங்கில் தங்கிப் படிக்கும் பையன் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கேள்வியில் அப்படி இல்லைதான். ஆனால் "ஃபாதர்கள்" என்று பன்மையில் கேட்டிருக்கிறீர்கள். மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஹெச்.எம். ஃபாதர் ஒருவரைத்தான் தெரியும். ஃபாதர்களுக்குத் தலைவரான ரெக்டர், வார்டன், பிரதர் என்று எல்லோர் செருப்புச் சத்தத்தையும் பிரித்து அறிகிறவன் போர்டிங் பையன். பெண்கள் பள்ளி, சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி எப்படி என்று எனக்குப் பழக்கமில்லை. அங்கே படித்தவர்கள் தனியாகப் பதில் எழுதட்டும்.

நான் படித்தது தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் ஒரு பழைய ஆண்கள் பள்ளி. பெயர் வேண்டாம். 1997ஆம் வருடம், பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. அடுத்த புதன் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் நாள். தவக்காலம் தொடங்கிவிட்டால் பள்ளியில் எந்தக் கொண்டாட்டமும் கிடையாது. அதனால் அந்த வெள்ளிக்குள் எங்களை அனுப்பிவைத்துவிட வேண்டும் என்று அவசரமாக விழா வைத்தார்கள். செய்முறைத் தேர்வு அப்போது இன்னும் முடியவில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

எல்லா வருடமும் பிரிவு விழாவில் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒருவன் அழுதுகொண்டே நன்றி சொல்வான், பி.டி. மாஸ்டர் மாதிரி ஒருவன் நடந்து காட்டுவான், அப்புறம் மிக்சரும் ஜாங்கிரியும் கலரும். எங்கள் செட் வேறு ஏதாவது செய்ய நினைத்தது. நான்தான் மன்றாட்டு மாலை என்று சொன்னேன்.

தெரியாதவர்களுக்காக: செபமாலை முடிந்ததும் மாதாவை ஒவ்வொரு பட்டமாகச் சொல்லி ஒருவர் அழைப்பார், மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வார்கள். பழைய தமிழில் அந்தப் பட்டங்கள் அவ்வளவு அழகு. "தாவீது ராசாவினுடைய உப்பரிகையே" (உப்பரிகை என்றால் மேல்மாடம்), "விடியற்காலத்தின் நட்சத்திரமே". அக்டோபர் மாதம் முழுக்க, மற்ற மாதங்களில் சனிக்கிழமைதோறும், மாதாவுக்குக் குகை மாதிரி கட்டிய கெபி முன்னால் மணலில் முழங்காலிட்டு ஐந்து வருடம் சொல்லியிருக்கிறோம். தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வோம். அந்தத் தாளம் எங்கள் உடம்பில் இருந்தது. எங்கள் பள்ளி வாழ்க்கையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நடை எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். மாதாவைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பட்டங்கள் எல்லாம் எங்கள் பள்ளிப் பொருட்களுக்கு.

ஐந்தரைக்கு அடிக்கும் வெண்கல மணியே,
ரெக்டர் ஃபாதரின் தூரத்துச் செருப்புச் சத்தமே,
மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லே,
நிறம் மாற மறுத்த பினாப்தலீனே,
பிப்பெட்டில் ஏறி வாய்க்குள் இறங்கிய காரமே,
குளோரோபாம் கொடுத்தும் கண் மூடாத தவளையே,
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இப்படி நாற்பத்திரண்டு வரி. செருப்புச் சத்தத்துக்கு மட்டும் பதில் வேறு: "எங்களை முன்கூட்டியே எச்சரித்தருளும்." அந்த வரிக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரெக்டர் ஃபாதர் தன் செருப்பையே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் பார்த்தேன்.

முன்னால் நின்று பாடியவன் என் உயிர் நண்பன். திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர். அவன் வீட்டில் வருடா வருடம் மாலை போட்டு முருகன் கோயிலுக்கு நடந்தே போவார்கள். போர்டிங்கில் கத்தோலிக்கப் பையன்களைவிட மன்றாட்டு மாலையை நன்றாகச் சொல்கிறவன் அவன்தான். குரல் அப்படி. சனிக்கிழமைகளில் வார்டன் ஃபாதரே அவனைத்தான் முன்னால் கூப்பிடுவார். எழுதியவன் நான், எனக்குக் குரல் இல்லை; அவனுக்குக் குரல் இருந்தது, அதனால் அவன் நின்றான். இதில் வேறு கணக்கு எதுவும் கிடையாது.

இருபதாவது வரி தாண்டியிருக்கும். ஓர் ஆசிரியர் எழுந்தார். ஃபாதர் இல்லை, எங்களுக்குப் பாடம் எடுக்கும் சார். "நிறுத்துல! வேற சாமி கும்பிடுறவனுக்கு எங்க செபம் கேலியாப் போச்சா?" என்றார்.

ஹால் அப்படியே அடங்கிவிட்டது. ஐந்து வருடத்தில் அந்தப் பள்ளிக்குள் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. காலையில் ஒரே குழாயில் பல் தேய்த்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கெபி முன்னால் முழங்காலிட்டவன். கையில் இருந்த பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான். பேப்பரில் இருந்தது என் கையெழுத்து.

நான் மேடையில் மூன்றாவது வரிசையில் நின்றேன். "நான் எழுதினது சார்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த சார் கையில் எங்கள் செய்முறைத் தேர்வு இருந்தது. ஒரு பாடத்துக்கு 50 மதிப்பெண், மூன்று பாடத்துக்கு 150. மொத்தம் 1200 என்றிருந்த காலத்தில் பொறியியல் கல்லூரிக்குப் போக ஆசைப்படுகிறவனுக்கு அந்த மதிப்பெண் பெரிது. பதினேழு வயதில் அந்தக் கணக்கு என் வாயை அடைத்தது. காரணம் சொல்கிறேனே தவிர நியாயம் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டடி முடிந்ததும் ரெக்டர் ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் அவனையும் கூப்பிட்டுவிட்டார். திட்டுவார் என்று நினைத்தோம். "விட்ட இடத்திலேருந்து பாடு" என்றார். அவன் பாட, பதிலை அவரே சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு, கெபியில் சொல்கிற மாதிரியே. முப்பத்தோராவது வரி வந்தது: "அளந்து அளந்து ஊற்றும் கரண்டியே, எங்கள் வயிற்றின்மேல் இரக்கமாயிரும்." அங்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மணியைக் கேலி பண்ணு, என்னையப் பண்ணு, ஹெச்.எம்.மப் பண்ணு. எங்ககிட்டப் பிரம்பு இருக்கு, நாங்க பாத்துக்கிடுவோம். அந்த மனுசன் உங்களை என்னல செய்ய முடியும்?"

அந்த மனுசன் என்றால் குசினிக்கார அண்ணாச்சி. நூற்றெண்பது பேருக்குத் தினம் மூன்று வேளை சமைத்தவர். அரிசியும் பருப்பும் அவர் கையில் இல்லை, அலுவலகத்தில் எடை போட்டுக் கொடுப்பார்கள். கொடுத்ததை நூற்றெண்பது தட்டுக்குச் சமமாகப் பிரிக்கத்தான் அவர் அளந்து ஊற்றினார். இதை ஃபாதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து வருடம் அவர் கையால் சாப்பிட்டவன் இதை யோசித்ததே இல்லை. விழாவுக்கு அவரும் வந்திருந்தார், ஹால் வாசலில் துண்டைத் தோளில் போட்டு நின்றிருந்தார். அந்த சார் கத்தியதால்தான் முப்பத்தோராவது வரி அவர் காதில் விழவில்லை. இதை இத்தனை வருடமாக எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குப் போனோம். அவரிடம் என்னத்தைச் சொல்வது? அவர் கேட்காத வரிக்கு மன்னிப்புக் கேட்க முடியவில்லை. சும்மா நின்றோம். "என்னல, பசிக்கா?" என்று கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கடுங்காப்பி கொடுத்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு. உங்கள் பள்ளியில் யாராவது "ஜெபத்தைக் கேலி செய்கிறாயா" என்று கேட்டால், வீரமாமுனிவரைச் சொல்லுங்கள். இத்தாலியில் இருந்து 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த சேசு சபைக் குரு. தேம்பாவணி என்ற பக்திக் காப்பியம் பாடிய அதே கையால்தான் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்களை வைத்துக்கொண்டு, ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துச் சோதிக்கச் சொல்லும் குருவைப் படைத்தவர் அவரே ஒரு குரு. குருவைப் பார்த்துச் சிரிப்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வெளி ஆள் இல்லை.

அதுவும் போதாது என்றால், மறைந்த போப் பிரான்சிஸ் 2024 ஜூன் 14 அன்று பல நாடுகளின் நகைச்சுவைக் கலைஞர்கள் நூறு பேருக்கு மேல் வத்திக்கானுக்கு வரவழைத்துப் பேசியதைத் தேடிப் படியுங்கள். அன்பு வைத்தவர்களோடு விளையாடுகிற மாதிரி கடவுளோடும் சிரிக்கலாம், அது தெய்வ நிந்தனை இல்லை என்றார். கூடவே, விசுவாசிகளின், முக்கியமாக ஏழைகளின் மனம் புண்படாமல் செய்யலாம் என்றும் சொன்னார். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ரெக்டர் ஃபாதரும் அந்தக் கரண்டி வரியும்தான் நினைவுக்கு வந்தார்கள். 

கருத்துப் பகுதியில் "இவன் சபை விரோதி" என்று எழுத வருகிறவர்களுக்கு: ஞாயிறு பூசையை நான் விட்டதில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் பூசையில் உதவும் பீடச் சிறுவர்கள். "அந்த சார் செய்தது சரிதான், ஜெபம் ஜெபம்தான்" என்று எழுத வருகிறவர்களுக்கு: அவர் ஜெபத்துக்காக எழுந்திருந்தால் மேடையில் நின்ற முப்பது பேரையும் கேட்டிருப்பார். எங்களில் இருபதுக்கு மேல் கத்தோலிக்கர். அவர் ஒருவனைத்தான் கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். போன வருடம் அதே பள்ளிக்கு என் தங்கை மகனைப் பார்க்கப் போனேன். கெபி அப்படியே இருக்கிறது. மன்றாட்டு மாலை ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வழி வகுப்பு ஒன்றே ஒன்று மிச்சம். மற்றதெல்லாம் கட்டணம் கட்டும் ஆங்கில வழி. உப்பரிகை என்றால் என்ன என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை, கூட இருந்த அவன் சாருக்கும் தெரியவில்லை. மீனவர் பிள்ளைகளும் பனையேறிகளின் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று கட்டிய பள்ளி அது. எங்கள் அப்பாக்களால் கட்ட முடிந்த பணத்துக்கு அங்கே இன்று ஒரு டெர்ம்கூடப் படிக்க முடியாது. பிரிவு விழாவுக்கு இப்போது கோட்டு, சூட்டு, டி.ஜே. என்று தலைக்கு வசூல் வேறு. வசூல் கொடுக்க முடியாத பையன் அன்று காய்ச்சல் என்று லீவு போடுகிறான். உங்கள் வகுப்பிலும் ஒருவன் இருப்பான், பாருங்கள்.

2022இல் எங்கள் செட் இருபத்தைந்தாம் வருடச் சந்திப்பு வைத்தது. அந்த சாரை அழைத்துப் பொன்னாடை போட்டார்கள். வயதாகிவிட்டது, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் நண்பன் வரவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் எந்த மனக்கசப்பும் இல்லை, வாரம் ஒருமுறை பேசுகிறோம். அவன் பெண் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை என் வீட்டுக்குத்தான் வந்தது. ஆனால் அந்த ஹாலுக்குள் மட்டும் வரமாட்டான். "நீ போயிட்டு வால" என்பான். சந்திப்பில் பையன்கள் மன்றாட்டு மாலையைப் படிக்கச் சொன்னார்கள். பேப்பர் அவனிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உண்மையும் அதுதான்.

அதனால் நீங்கள் இரண்டு வேலை செய்யுங்கள். எழுதி முடித்ததும் ஹெச்.எம்.மிடம் காட்டுவதற்கு முன்னால், உங்கள் குசினியிலும் வாட்ச்மேனிடமும் போய் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்காத வரியை அங்கேயே அடித்துவிடுங்கள். அப்புறம், எழுதியது நீங்கள் என்றால் மேடையில் முதல் ஆளாக நீங்களே நில்லுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.