ஹோஸ்ட் குடும்பத்தோடு பனிமலைக்கு: மகனை அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் மகனுக்கு 16 வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு ஜெர்மனியில் படிக்கிறான். மியூனிக் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறான். இந்திய பாஸ்போர்ட். டிசம்பர் 26 அன்று அவர்கள் காரில் ஆஸ்திரியாவின் டிரோலுக்குப் பனிச்சறுக்குப் போகிறார்கள். நான்கு நாள் கழித்து சூரிச், அங்கிருந்து விமானத்தில் லண்டன், புத்தாண்டு அங்கே உறவினர் வீட்டில். மகனையும் கூட்டிப்போக ஆசைப்படுகிறார்கள். அவன் பனியில் கால் வைத்ததே இல்லை. என்னென்ன தாள்கள் வேண்டும், செலவில் எங்கள் பங்கு என்ன, வேறு எதைக் கவனிக்க வேண்டும்? இப்போது நவம்பர் தொடக்கம் என்பதால் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

பதில்: தாராளமாக அனுப்புங்கள். பள்ளி நாட்களில் ஆளுக்கொரு பக்கம் ஓடும் குடும்பம், இப்படிப்பட்ட பயணத்தில்தான் ஒரே காரில், ஒரே மேசையில் நாள் முழுக்க ஒன்றாக இருக்கும். மகனுக்கு மொழியும் உறவும் கூடிவருவது அங்கேதான்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், தங்களுக்கு ஒருபோதும் தேவைப்படாத விஷயம் அவர்களுக்குத் தோன்றாது. அடையாள அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஆஸ்திரியாவுக்குப் போய்வருகிறவர்களுக்கு விசா நினைப்பே வராது. சின்ன வயதிலிருந்தே சறுக்குகிறவர்களுக்கு, பூட்ஸ் மாட்டுவதைக்கூடச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றாது. இதில் யாருடைய அக்கறைக் குறைவும் இல்லை. விட்டுப்போகக்கூடியவற்றை நீங்களும் மகனும் முன்கூட்டியே பார்த்து, அவர்களிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

லண்டனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சிக்கல் அங்கேதான். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் போய்வர முடிகிற பகுதிக்கு ஷெங்கன் என்று பெயர். பிரிட்டன் அதில் இல்லை. ஜெர்மனி விசா அங்கே செல்லாது. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனியாகப் பிரிட்டனின் பார்வையாளர் விசா வேண்டும். ஹோஸ்ட் குடும்பத்தினர் ஜெர்மன் குடிமக்கள் என்றால், அவர்களுக்கு இ.டி.ஏ. என்ற பயண அனுமதி போதும், கைபேசியிலேயே எடுத்துவிடலாம். மகனுக்கும் அதுவே போதும் என்று அவர்கள் நினைத்துவிடுவது மிகச் சுலபம். விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, ஜெர்மனியில் உள்ள மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை தர வேண்டும். முடிவு வர வழக்கமாக 3 வாரம் சொல்வார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் உங்கள் எழுத்து ஒப்புதலும், கூட வரும் பெரியவரின் விவரமும் விண்ணப்பத்திலேயே கேட்கப்படும். விசாவில் அந்தப் பெரியவர் இன்னார் என்று பதிவானால், மகன் அவரோடுதான் உள்ளே போக வேண்டும். அதனால் ஹோஸ்ட் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஹோஸ்ட் அம்மாவோடு விமானம் ஏறுகிற மாதிரி ஆகக் கூடாது. இருவர் பெயரையும் கொடுத்துவிடுவது நல்லது.

இதில் ஒரு பொறி உண்டு. விண்ணப்பம் நடக்கிற நாட்களில் பாஸ்போர்ட் மையத்திடமே இருக்குமா, கையில் இருக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவில் விண்ணப்பித்து பாஸ்போர்ட் அங்கே மாட்டிக்கொண்டால், லண்டன் மட்டுமல்ல, டிரோலும் போச்சு. என் கருத்தைக் கேட்டால், இந்த வாரமே விண்ணப்பித்துவிட வேண்டும். நவம்பர் கடைசிக்குள் கைரேகைக்கு நேரம் கிடைக்காவிட்டால் லண்டனை விட்டுவிட்டு, அந்த நாட்களில் மகன் எங்கே தங்குவான் என்பதை ஹோஸ்ட் குடும்பத்தோடும் திட்டத்தின் உள்ளூர் பொறுப்பாளரோடும் பேசி முடிவுசெய்யுங்கள். கூடப் படிக்கும் நண்பன் வீட்டில் நான்கு நாள் இருப்பதும் நல்ல விடுமுறைதான்.

டிரோலும் சூரிச்சும் அவ்வளவு சிரமம் இல்லை. ஆஸ்திரியா ஷெங்கனில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2008 டிசம்பர் முதல் ஷெங்கனில் இருக்கிறது. செல்லுபடியாகும் ஜெர்மன் டி விசாவோ (நீண்ட நாள் தங்குவதற்கான விசா) ரெசிடென்ஸ் பர்மிட் அட்டையோ இருந்தால், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். ஆனால் அந்த அட்டை தனியாகச் செல்லாது, பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். இரண்டும் அசலாக. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆஸ்திரியப் பக்கத்தில் அது 2015 முதலே நடக்கிறது. போகும்போது யாரும் கேட்கமாட்டார்கள், திரும்பும்போது கீஃபர்ஸ்ஃபெல்டன் மாதிரி எல்லை ஊரில் போலீஸ்காரர் கார் கண்ணாடியை இறக்கச் சொல்வார். மற்ற நால்வரும் அட்டையை நீட்ட, ஐந்தாமவனின் பாஸ்போர்ட் வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தால் அத்தனை பேருக்கும் அவஸ்தை.

டி விசாவில் முடியும் தேதியை இன்றே பாருங்கள். பலருக்கு முதலில் சில மாதத்துக்குத்தான் கொடுத்திருப்பார்கள், பிறகு அட்டைக்கு விண்ணப்பித்திருப்பார்கள். அட்டை வரும்வரை ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்றைக் கையில் கொடுத்திருக்கலாம். அந்தச் சான்றில் எந்தப் பிரிவில் குறியிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, வெளியே போய்த் திரும்பிவரும் உரிமை மாறும். ஜெர்மனிக்குள் தங்க அனுமதிக்கும் சான்று, எல்லை தாண்டித் திரும்பிவர அனுமதிக்காமல் போகலாம். வெளிநாட்டினர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் ஒப்புதல் கடிதம். மகனின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், போகும் நாடுகள், தேதிகள், ஹோஸ்ட் பெற்றோரின் பெயர், அவசரத்தில் சிகிச்சைக்கு அவர்கள் சம்மதம் தரலாம் என்ற ஒரு வரி, உங்கள் இருவரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும். ஆங்கிலத்தில் இருந்தால் போதும். நோட்டரி முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி போன்ற திட்டங்கள் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனி அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் கேட்பது வழக்கம். ஹோஸ்ட் குடும்பம் சரி என்றால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விடுமுறைக்கு ஒரு நாள் முன்னாலேயே கிளம்பும் யோசனை வந்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள். ஜெர்மனியில் பள்ளி வருகை சட்டக் கடமை. பவேரியாவில் விமான நிலையத்தில் போலீஸ் குடும்பங்களை விசாரித்து, பள்ளிகளுக்குத் தகவல் கொடுத்ததும் உண்டு.

இன்சூரன்ஸ்தான் பலரும் படிக்காமல் விடும் தாள். பரிமாற்றத் திட்டத்தோடு வரும் மருத்துவக் காப்பீட்டில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: ஜெர்மனிக்கு வெளியே செல்லுமா, பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கிறதா, மலையிலிருந்து மீட்கும் செலவு உண்டா, மகன் இன்னொருவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கு ஈடு உண்டா. மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்திரியாவில் சறுக்கி விழுந்து ஹெலிகாப்டர் வந்தால், அந்த விளையாட்டு விபத்துச் செலவை அந்நாட்டு அரசுக் காப்பீடுகூடப் பொதுவாக ஏற்பதில்லை. பில் காயம்பட்டவர் பெயருக்கு வரும், சில ஆயிரம் யூரோ. 'சிகிச்சைச் செலவு முழுவதும்' என்று பாலிசியில் எழுதியிருப்பது மீட்புச் செலவைக் குறிக்காது. இல்லையென்று தெரிந்தால், ஜெர்மன் அல்லது ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தில் (மலையேறுவோர் சங்கம்) உறுப்பினராவது ஒரு நல்ல வழி. உறுப்பினர் கட்டணத்துக்குள்ளேயே 25,000 யூரோ வரை மலை மீட்புக் காப்பீடு வருகிறது. எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவதும் சின்ன விஷயம் அல்ல. சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகள் இருக்கின்றன. மோதல் வழக்குகளில் நீதிமன்றங்கள் அவற்றை வைத்துத்தான் தவறு யாருடையது என்று பார்க்கின்றன. அதில் மூன்றாவது விதி, பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. புதிதாகக் கற்கும் பையன் நிறுத்தத் தெரியாமல் யார் முதுகில் போய் மோதினாலும் பொறுப்பு அவனுடையது.

அதனால் முதல் நாளே அவன் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் 'நாங்களே சொல்லித்தருகிறோம்' என்பார்கள். ஆசையில் சொல்வதுதான், ஆனால் வேண்டாம். அரை மணி நேரத்தில் அவர்களுக்குப் பொறுமை போய்விடும், அவனுக்குத் தன்னம்பிக்கை போய்விடும். குழுப் பயிற்சியில் மூன்று நாள் இருந்தால், பெரும்பாலான 16 வயதுப் பிள்ளைகள் நீலத் தடத்தில் மெதுவாக இறங்கப் பழகிவிடுவார்கள். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நான்கே நாள் பயணத்தில் சிவப்புக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. குறியிட்ட தடத்தை விட்டுப் பக்கத்துப் பனிக்குள் இறங்குவது மட்டும் கூடவே கூடாது. பனிச்சரிவு அபாயத்தை ஐரோப்பாவில் 1 முதல் 5 வரை அளவிடுகிறார்கள். 3 என்றால் நடுத்தரம்தானே என்று தோன்றும், ஆனால் உயிரிழப்புகள் அதிகம் நடப்பது அந்த 3-ல்தான்.

சாதனங்களை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். கடையில் மகன் தன் உண்மையான எடையையும், தான் புதியவன் என்பதையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். விழும்போது சறுக்குப் பலகை காலிலிருந்து கழன்றுகொள்ளும் பிடியின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் நீளம் எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்கள். நண்பர்கள் முன்னால் 'ஓரளவு தெரியும்' என்று சொல்லிவிட்டால், பிடி இறுகிவிடும். விழும்போது பலகை கழலாது, முழங்கால் திருகும். பூட்ஸுக்குள் மெல்லிய, நீளமான ஒரே ஒரு சாக்ஸ். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. அவனுக்கு அது மிகவும் இறுக்கமாகத் தோன்றும். ஆனால் கணுக்கால் உள்ளே ஆடும் அளவுக்குத் தளர்வாக எடுத்தால் பலகை அவன் சொல்பேச்சைக் கேட்காது.

உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நின்றதும் குளிர் எலும்பைத் தொடும். கம்பளியோ செயற்கை இழையோ போடட்டும். சன்ஸ்கிரீனும் பனிக்கண்ணாடியும் கட்டாயம், நிறம் கறுப்பு என்று விட்டுவிடக் கூடாது. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், உயரம் போகப் போகக் கதிரும் கூடும். ஹெல்மெட் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதை ஆராய வேண்டாம், போட்டுக்கொள்ளட்டும், மாலையில் ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டி விடும்போதும். ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, ஐரோப்பா முழுக்க 112. கைபேசியை உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

கைபேசி என்றதும் ஞாபகம் வருகிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிட்சர்லாந்துக்குச் செல்லாது. எல்லைக்கு அருகில் வந்தாலே கைபேசி சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். தன் திட்டத்தில் சுவிஸ், பிரிட்டன் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் டேட்டாவை அணைத்துவிட வேண்டும்.

செலவுக்கு வருவோம். வழக்கமாக ஹோஸ்ட் குடும்பம் தங்கவும் சாப்பிடவும் பார்த்துக்கொள்ளும். லிஃப்ட் பாஸ் (சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுக்கான சீட்டு), பயிற்சி, வாடகைச் சாதனம், விமான டிக்கெட், விசா ஆகியவை உங்கள் பக்கம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பெரிய இடங்களில் பெரியவர்களுக்கான லிஃப்ட் பாஸ் நாளுக்கு 70 யூரோவைத் தாண்டுகிறது. இளையோர் கட்டணம் குறைவு, ஆனால் வயதுச் சான்றைக் காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கு முதல் இரண்டு நாள் பயிற்சி மைதானப் பாஸே போதும், முழு மலைக்கும் வாங்க வேண்டியதில்லை. தொகையை நீங்களே ஊகிக்காமல், 'எங்கள் பங்கு எவ்வளவு?' என்று நேராக எழுதிக் கேளுங்கள். ஜெர்மானியர்கள் பணத்தைப் பற்றிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் விட்டால்தான் இரு பக்கமும் சங்கடம்.

மது பற்றி மகனிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். டிரோலில் 16 வயதில் பீரும் வைனும் சட்டப்படி கிடைக்கும். மாலையில் மலையடிவாரக் கடைகளில் எல்லோர் கையிலும் கோப்பை இருக்கும். ஆனால் அவனைக் கட்டுப்படுத்துவது சட்டம் மட்டுமல்ல, திட்டத்தின் விதியும்தான். அது பெரும்பாலும் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கும்.

கடைசியாக, பயணத்துக்கு முந்தைய இரண்டு நாள். ஜெர்மனியில் பரிசு கொடுப்பது 24 மாலையில்தான். வீட்டில் எத்தனை பேர் கூடுவார்கள், பாட்டி தாத்தா வருவார்களா என்று விசாரித்து, ஆளுக்கொரு சின்னப் பரிசை 23-க்குள் வாங்கிவிடச் சொல்லுங்கள். 24 அன்று மதியத்தோடு கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது. வீட்டு நினைப்பு வரக்கூடிய மாலையும் அதுதான். இருந்தாலும் அந்த நேரத்தில் நீங்கள் வீடியோ அழைப்பு செய்யாதீர்கள். அவனைக் கூட்டத்திலிருந்து எழுப்பி அறைக்குள் தனியாக உட்கார வைத்தது போலாகிவிடும். குளிர்காலத்தில் இந்தியா நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 25 அன்று உங்கள் பிற்பகல் மூன்றரை மணிக்கு அழைத்தால் அங்கே காலை 11, காலை உணவும் முடிந்திருக்கும். அப்போது அந்தக் குடும்பத்தையும் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லுங்கள். மறுநாள் கிளம்ப வேண்டும் என்பதால், பாஸ்போர்ட், அட்டை, ஒப்புதல் கடிதம், காப்பீட்டுத் தாள் நான்கையும் கேமரா முன்னால் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.