மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஜோக்கே சொல்லக்கூடாதா? ‘பொலிட்டிகல் கரெக்ட்னஸ்’ என்றால் என்ன?

ஒருவரின் உடலையோ பிறப்பையோ வைத்து அவரைச் சிறுமைப்படுத்தாத சொற்களாகப் பார்த்துப் பேசுவதுதான் பொலிட்டிகல் கரெக்ட்னஸ். தமிழில் ‘அரசியல் சரித்தன்மை’ என்கிறார்கள். ஜோக்கே கூடாது என்று அது சொல்லவில்லை.

சிரிப்பு யாரைக் குறிவைக்கிறது என்பதுதான் கேள்வி. திக்கிப் பேசும் ஒருவர் போனில் ‘ஹலோ’வின் முதல் எழுத்திலேயே நிற்கிறார். சிக்னல் இல்லையென்று நினைத்து எதிர்முனையில் கட் செய்துவிடுகிறார்கள். இதை அவரே சொல்லும்போது வயிறு குலுங்கச் சிரிக்கலாம். அங்கே மாட்டிக்கொள்வது நம்முடைய அவசரம். அதே திக்கலை இன்னொருவர் நடித்துக் காட்டினால், சிரிப்புக்கு ஆளாவது திக்கிப் பேசுபவரின் நாக்கு. அடுத்த முறை அவர் வாய் திறந்ததும் எல்லோருக்கும் அந்த நடிப்புதான் நினைவுக்கு வரும். அதற்குப் பயந்தே பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

தான் வழுக்கி விழுந்ததை ஒருவர் சொல்லிச் சிரிப்பதும், உட்காரப் போகிறவரின் நாற்காலியை இழுத்துவிட்டு நாம் சிரிப்பதும் ஒன்றா?

2024-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் ஒரு திரைப்பட வழக்கில் இப்படித்தான் பிரித்தது: உடற்குறையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு.

சொற்களும் நிறம் மாறும். ‘இடியட்’, ‘மோரான்’ இரண்டும் ஒரு காலத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைக் குறித்த மருத்துவச் சொற்கள். வசவாகிப்போனபின் மருத்துவம் அவற்றைக் கைவிட்டது.

‘பொலிட்டிகல் கரெக்ட்னஸ் கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கிறது’ என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். ஆனால் ஒரு ஜோக்கைக் கேட்டு ‘எனக்கு இது வலிக்கிறது’ என்று ஒருவர் சொல்வதும் அதே கருத்துச் சுதந்திரம்தான்.