மச்சானின் பிக்கப்பும் உங்கள் வீட்டுக் கடனும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறோம். எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, சம்பளம் 13,000. மனைவி இலை பறிக்கப் போவதில் மாதம் 8,000 வரும். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்திருக்கிறது, பட்டா என் பெயரில் இருக்கிறது. கையில் ஒன்றரை லட்சமும் 4 பவுன் நகையும் உண்டு. 400 சதுர அடி கட்ட இன்னும் 5 லட்சம் வேண்டும். வங்கியில் முடியாது என்றுவிட்டார்கள். ஒரு ஏஜென்ட் 15,000 கேட்கிறார், 2.67 லட்சம் அரசு மானியத்தோடு தனியார் கம்பெனியில் மூன்றே நாளில் கடன் வாங்கித் தருவாராம், வட்டி 14%. போகலாமா? மனைவி பெயரில் இரண்டு குழுக் கடன் ஓடுகிறது, மாதம் 6,400. அது மச்சானின் பிக்கப் வண்டிக்காக எடுத்தது, அவர் கட்டிவிடுவார். தவறும் மாதங்களில் நாங்கள் போடுகிறோம். இப்போது டயர் மாற்ற இன்னொரு கடன் கேட்கிறார்.

பதில்: ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் சொல்லும் 2.67 லட்சம் நகர்ப்புற வீட்டுக் கடன்களுக்கான பழைய வட்டி மானியம், 2022 மார்ச்சோடு மூடிவிட்டார்கள். 2024-ல் வந்த புதிய நகர்ப்புறத் திட்டத்தில் வட்டி மானியம் அதிகபட்சமே 1.80 லட்சம்தான், அதுவும் பொதுவாகக் கிராம ஊராட்சிக்குக் கிடையாது. அப்புறம் கணக்கைப் பாருங்கள். 5 லட்சத்துக்கு 15 வருடம், 9% வட்டி என்றால் தவணை சுமார் 5,070. 14% என்றால் 6,660. மாதம் 1,590 கூடுதல், 15 வருடத்தில் அது 2.86 லட்சம். வராத மானியத்தைவிட அதிகமான தொகையை நீங்கள் அவர்களுக்கு மானியமாகக் கொடுக்கப் போகிறீர்கள். "மூன்றே நாளில்" என்று வரும் கடன் எதையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

சரி, வங்கி ஏன் முடியாது என்றது? உங்கள் வீட்டு வருமானம் 21,000. தவணைகளுக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று பார்ப்பார்கள், அது 10,500. அதில் 6,400 ஏற்கெனவே போகிறது. மீதி 4,100-க்குள் 5,070 எப்படி அடங்கும்? மச்சான் கட்டுகிறாரா நீங்கள் கட்டுகிறீர்களா என்பது வங்கிக்குத் தேவையில்லை, சிபில் என்ற கடன் பதிவேட்டில் இருப்பது உங்கள் மனைவியின் பெயர். மச்சான் ஒரு வாரம் தவறினால் வசூலுக்கு வருபவர் உங்கள் திண்ணையில்தான் உட்காருவார், பக்கத்து வீட்டு அக்காக்களும் சேர்ந்து வந்து கேட்பார்கள், ஏனென்றால் குழுவில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் தலையில் விழும். பனிக்காலத்தில் இலை குறைந்து மனைவியின் கூலி இறங்கும்போதும் அந்த 6,400 இறங்காது. உங்கள் வீட்டைத் தடுத்துக்கொண்டு நிற்பது வங்கி மேனேஜர் இல்லை, "மச்சான்தானே" என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவதுதான். மூன்றாவது கடன் வேண்டவே வேண்டாம். கேரட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டுகிறவர் டயர் செலவை வாடகையில்தான் எடுக்க வேண்டும்.

குழுக் கடனில் பாக்கி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் சேர்த்து 90,000, வட்டி 24% என்று வைத்துக்கொள்கிறேன். இப்படியே போனால் முடிய 17 மாதம், வட்டி மட்டும் சுமார் 16,700. நகையைக் கூட்டுறவு வங்கியில் 10% வட்டிக்கு வைத்து இரண்டையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு, அதே 6,400-ஐ நகைக் கடனில் கட்டினால் சுமார் 15 மாதம், வட்டி 6,100 போல. ஆனால் அசலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் நகையும் போகும். மச்சானின் பங்கை மாதம் பிறந்ததும் மனைவியின் கணக்கில் போடச் சொல்லுங்கள், இது உங்கள் மனைவி கேட்க வேண்டியது.

வீட்டுக்கு வருவோம். உங்கள் பெயர் வந்திருக்கும் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் கிராமப் பிரிவில் உங்களுக்கு வருவது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாத பணம். சமவெளிக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1.30 லட்சம். உங்கள் ஊருக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், நான் 1.30 என்று வைத்துக்கொள்கிறேன். அது மொத்தமாக வராது, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துப் பதிவு செய்த பிறகு தவணையாக வரும், அதனால் கைப்பணத்தை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். திட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. முதலில் அதை மட்டும் கட்டுங்கள். மணலும் கல்லும் மலையேறி வருவதால் சதுர அடிக்கு 2,000 போட்டால் 5.4 லட்சம். உங்கள் ஒன்றரையும் மானியம் 1.30-ம் போக 2.6 லட்சம்தான் குறைகிறது. அதற்கு வங்கித் தவணை 2,640 போல வரும், இன்றைய 4,100-க்குள்ளேயே அடங்கும். சரிவில் தடுப்புச் சுவர் தேவைப்பட்டால் அந்தச் செலவைக் கொத்தனாரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள், பாதி பேர் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மீதி 130 சதுர அடியை நகை திரும்பி வந்த பிறகு பார்க்கலாம். பட்டா உங்கள் பெயரில் இருப்பது பெரிய விஷயம்; கூடலூர் பக்கம் பிரிவு 17 நிலத்தில் (ஜென்மம் நிலச் சட்டத்தில் உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) இருப்பவர்கள் பட்டா இல்லாமல் அந்தக் கட்டத்திலேயே நின்றுபோகிறார்கள்.

குழுக் கடனை அடைத்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கி, சிபிலில் பதிவானதா என்று பார்த்துக்கொண்டு அதே வங்கிக்குப் போங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.