வாசகர் கேள்வி – பதில்: கூட்டத்திற்கு வராதவர் யார்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் இப்பருவத்துப் புறப்பாடப் பணியாக, எல்லாப் பின்னணி மாணவர்களையும் அரவணைக்கும் திட்டம் ஒன்றை நடத்த வேண்டும். எங்கள் குழுவில் மலாய், சீன, இந்திய மாணவர்களோடு சபா மாநிலத்திலிருந்து வந்த மாணவி ஒருவரும் இருக்கிறார். பாரம்பரிய உடை அணிவகுப்பும் பல்லின உணவு விழாவும் நடத்தலாம் என்பது பெரும்பாலோரின் விருப்பம். ஆண்டுதோறும் இதுவே நடப்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்துப் பேசினால் ஒற்றுமைக்குக் குறுக்கே நிற்பவள் என்பார்களோ என்றும் தயங்குகிறேன். வேறு என்ன செய்யலாம்?
– தோட்டத்திலிருந்து நாள்தோறும் வந்து படிக்கும் மாணவி, தஞ்சோங் மாலிம்

பதில்: உணவு விழாவை நான் குறை சொல்லப் போவதில்லை, நாசி லெமாக்கும் தோசையும் ஒரே மேசையில் இருப்பது நல்லதுதான். ஆனால், அங்கே வந்து உண்டு மகிழ்பவர்கள் எல்லா நிகழ்ச்சிக்கும் வருபவர்கள். எதற்குமே வர இயலாதவர்கள் யார் என்பதை அந்த விழா உங்களுக்குக் காட்டாது. உங்கள் கையொப்பத்திலேயே அதற்குப் பாதி விடை இருக்கிறது.

பல கல்லூரிகளில் மாணவர் கழகங்களின் கூட்டங்கள் இரவு உணவுக்குப் பிறகே கூடுகின்றன. விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு அந்த நேரம் வசதி. பேராங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அண்ணனின் மோட்டாரில் வந்து, இருட்டுவதற்குள் செம்பனைச் சாலை வழியே வீடு திரும்ப வேண்டிய பெண்ணுக்கு அது எட்டாத நேரம். அவள் கூட்டத்திற்கு வருவதில்லை. வராதவளைச் செயற்குழுவுக்கு யாரும் முன்மொழிவதில்லை. ஆண்டிறுதியில், 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை' என்று பேச்சு எழுகிறது. இதில் எவருடைய இன வெறுப்பும் இல்லை. ஒரு கடிகாரம் மட்டுமே இருக்கிறது.

ஆகவே, விழாவை எதிர்க்காமல், அதற்கு முன்பாக ஒரு கணக்கெடுப்பை முன்மொழியுங்கள். கடந்த சில கூட்டங்களின் வருகைப் பதிவை எடுத்து, இனத்தை மட்டும் எண்ணாமல், விடுதி மாணவர் எத்தனை பேர், நாள்தோறும் வந்து போகிறவர் எத்தனை பேர், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் யார் வாய் திறந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் மலாய்மொழி வகுப்புக்குள் நுழைந்தவர்களுக்கு, சொல்ல நினைத்தது நாக்கில் வருவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்திற்குத் தாவிவிடும் சங்கடம் நன்றாகவே தெரியும். பேசாதவர்களுக்குக் கருத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பேசப்போகும் பொருளை முதல் நாளே எழுதி அனுப்பினால் அவர்களும் ஆயத்தமாக வருவார்கள்.

அடுத்து, ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையில், ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதாவது, 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அப்படி இரண்டு படிகள் இருந்தால் 3.6 மீட்டர். சரிவுப் பாதை என்ற பெயரில் பல கட்டடங்களின் வாசலில் கொட்டியிருக்கும் சிமெண்டு மேட்டை அளந்து பார்த்தால், அதில் தள்ளுவண்டிகூட ஏறாது என்பது தெரியவரும். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது; அவர்களுக்குத் தேவையான வசதிகளைச் செய்யும் பொறுப்பை அரசு, தனியார் கல்வி நிலையங்கள் இரண்டின் மீதும் வைக்கிறது. ஆனால், மீறுபவர்களுக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. எனவே, கேட்கும் இடத்தில்தான் கிடைக்கிறது. படமும் அளவும் சேர்ந்த ஒரு பக்க அறிக்கையை மாணவர் விவகாரப் பிரிவிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

ஏற்பாட்டை மாற்றினால் வாசல் திறக்கும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1922இல் மலாய் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காகத் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகமாகி, இன்று தமிழ்மொழிக் கல்வியில் பட்டமும் வழங்குகிறது. அந்த வாசல் நமக்குத் திறந்தது அங்கே ஒரு பாடத்திட்டம் வந்ததால்தான். வேட்டி கட்டி மேடையேறியதால் அன்று. உங்கள் குழுவிடமும் ஏற்பாட்டில் ஒரு மாற்றத்தையே கேளுங்கள்: இனிக் கூட்டங்கள் மாலை ஐந்து மணிக்குள் முடிய வேண்டும், அல்லது இணையவழியிலும் கலந்துகொள்ள இடம் தர வேண்டும். அதைப் பெற்றபின் உணவு விழாவையும் பிற்பகலில் நடத்தலாம்.

கேள்வி: என் மகள் இப்படிப்பட்ட திட்டங்களுக்கே பொழுதைச் செலவிடுகிறாள். படிப்பு கெட்டுவிடாதா?
– தோட்ட மருந்தகத்தில் பணிபுரியும் தந்தை, சிலிம் ரிவர்

பதில்: ஒரு பருவத்திற்கு ஒரு திட்டம் என்றால் கெடாது, மூன்று கழகங்களில் மூன்று பொறுப்புகள் என்றால் கெடும். எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வை முடித்துப் பொதுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்பவர்களின் தகுதி மதிப்பீட்டில் கல்விக்கு 90 விழுக்காடும் புறப்பாடத்திற்கு 10 விழுக்காடும் வைத்திருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாலும், நேரத்தைப் பிரிப்பதற்கு அந்தக் கணக்கு இன்றும் பொருந்தும். அவள் எழுதிய திட்ட அறிக்கையை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள், ஐயா.

கேள்வி: எங்கள் இந்திய மாணவர் கழகத்தில் பிற இனத்தவரையும் சேர்க்கும்படி கூறுகிறார்கள். சேர்த்தால் தமிழில் பேசுவது நின்றுவிடாதா?
– கழகச் செயலாளர், கம்பார்

பதில்: உங்கள் கழகத்தில் தெலுங்கு, மலையாள, சீக்கிய மாணவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் இதை முதலில் கேட்டுப் பாருங்கள். பிறருக்கு இடம் கொடுப்பதா என்ற விவாதம் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். தெற்குப் பேராவிலிருந்து வரும் செமாய் பூர்வகுடி மாணவர்களுக்கெனத் தனிக் கழகம் இல்லாத கல்லூரிகளில், அவர்களை அழைக்கும் பொறுப்பு இருக்கும் கழகங்களுக்கே உண்டு. கூட்டக் குறிப்பை மலாயில் எழுதுங்கள். தமிழ் விழாவைத் தமிழிலேயே நடத்தி, நிகழ்ச்சி நிரலோடு மலாயில் ஒரு சுருக்கத்தையும் அச்சிட்டுக் கொடுங்கள். பொங்கல் விழாவில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்த வேண்டிய தேவை வராது.